அயல்நாட்டு அரசுக்கு மனித உரிமைக் கடிதம் எழுதுவது எப்படி?

திங்கட்கிழமைகளில் தருமபுரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதத் தெரிந்தவருக்கு, கடல்கடந்த ஓர் அரசுக்குக் கடிதம் எழுதுவதும் கைவரும். யாருக்கு, யாரைப் பற்றி, என்ன வேண்டி என்பவை முதல் பார்வையிலேயே புலப்பட வேண்டும். பட்டா கேட்கும் மனுவில் சாலைக் குறையையும் சேர்த்தால் இரண்டுமே கிடப்பில் போய்விடும்.

முதலில், ஒரு தனிமனிதரைத் தேர்ந்தெடுங்கள். நாட்டில் கொடுமை நடக்கிறது என்று பொதுவாக எழுதுவதை ஓர் அதிகாரி எளிதில் ஒதுக்கிவிடுவார். பெயர், கைதான நாள், சிறை, குற்றச்சாட்டு ஆகியவற்றோடு வருவதை அப்படி ஒதுக்க முடியாது. 1973இல் பிரேசிலில் கைதான பேராசிரியர் லூயிஸ் பசிலியோ ரோசிக்காகப் பல நாட்டினரையும் கடிதம் எழுதச் செய்த ஆம்னஸ்டி என்ற பன்னாட்டு மனித உரிமை அமைப்பின் ‘அவசர நடவடிக்கை’ முறை அவருடைய வழக்கிலிருந்தே தொடங்கியது. விவரங்களை இத்தகைய அமைப்புகளின் அறிக்கைகளிலிருந்தோ ஐ.நா. ஆவணங்களிலிருந்தோ மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது எவ்வளவு நெஞ்சை உருக்கினாலும் ஆதாரமாகாது. அறிக்கையில் இல்லாத குடும்ப விவரங்களைச் சேர்க்க வேண்டாம். அவை சிறையிலிருப்பவருக்கே ஆபத்தாக முடியலாம்.

அடுத்து, கேட்பதைச் செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டோ அவருக்கே எழுதுங்கள். மரண தண்டனையைக் குறைக்கக் கோரினால் பெரும்பாலும் நாட்டின் தலைவருக்கும், விசாரணை தொடர்பானதென்றால் நீதி அமைச்சருக்கும் எழுதலாம். நகல் ஒன்றைப் புது தில்லியிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்புங்கள்.

இனிக் கடிதம். இதை மாதிரியாகக் கொள்ளலாம்:

“மேதகு நீதி அமைச்சர் அவர்களுக்கு, நான் இந்தியாவின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மா விவசாயம் செய்பவன். இன்ன நாளில் கைதான இன்னார், இதுவரை நீதிபதி முன் நிறுத்தப்படாமல் இன்ன சிறையில் வைக்கப்பட்டிருப்பதை அறிந்து கவலையுறுகிறேன். தங்கள் அரசு ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, குற்றச்சாட்டின்பேரில் கைதானவரைத் தாமதமின்றி நீதிபதி முன் நிறுத்தச் சொல்கிறது. அவ்வாறே செய்யுமாறும், வழக்கறிஞரையும் குடும்பத்தாரையும் அவர் காண அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.”

உடன்படிக்கையைக் குறிப்பிடும் முன் அந்த நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஈரான் 1975இல் ஏற்றது. சீனா 1998இல் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. சவூதி அரேபியா கையெழுத்தே இடவில்லை. உடன்படிக்கையை ஏற்காத இத்தகைய நாடுகளுக்கு எழுதும்போது, காரணமின்றிக் கைது செய்வதைத் தடுக்கும் 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் பிரிவைச் சுட்டலாம்.

ஏச்சு, மிரட்டல், மதம், அந்நாட்டுக் கட்சி அரசியல் எதுவும் வேண்டாம். ‘கண்டிக்கிறேன்’ என்ற சொல் எழுதுபவருக்கே நிறைவு தரும்; சிறைக்கதவைத் திறக்காது என்பது என் கருத்து. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலான நாடுகளுக்கு அது போதும்.

உறையில் முகவரியின் கடைசி வரியாக நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, அஞ்சலகத்தில் எடை போட்டபின் அஞ்சல் தலை ஒட்டுங்கள். கடிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் பெரும்பாலும் வராது. நம் மாவட்டத்திலேயே, 1992 ஜூனில் வாச்சாத்தி என்ற ஊரின் பழங்குடி மக்கள்மீது அரசு அலுவலர்கள் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பரில்தான் வந்தது. அயல்நாட்டுச் சிறையிலிருப்பவருக்காக எழுதுபவர் அதைவிட விரைவை எதிர்பார்க்க முடியாது. சில வாரங்கள் கழித்து அதே அமைச்சருக்கு மீண்டும் எழுதி, முந்தைய கடிதத்தின் தேதியை முதல் வரியில் குறிப்பிடுங்கள். அதற்கு முன் அமைப்பின் அறிக்கையைப் பார்த்து, அவர் இன்னும் அதே சிறையில்தான் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.