மானாவாரி விவசாயிகளுக்கு எந்தப் பயிற்சி தேவை? கண்டறியும் முறை

“என்ன பயிற்சி வேண்டும்?” என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்டால், “எல்லாம்தான்” என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது.

1. மழையை நம்பிய சாகுபடியின் வேலைகளைப் பருவ வரிசையில் எழுதுங்கள்: கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே உழுதல், விதையைக் கடினப்படுத்துதல் (ஊறவைத்து உலர்த்தி, வறட்சி தாங்கச் செய்தல்), ஊடுபயிர், மூடாக்கு (பயிர்க்கழிவால் மண்ணை மூடுதல்), பண்ணைக்குட்டை. “மண்வளப் பாதுகாப்பு” என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். ஒருவர் செய்து காட்டக்கூடிய வேலையாக இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டே கேள்விகள். இது எவ்வளவு முக்கியம்? உங்களுக்கு எவ்வளவு கைவந்திருக்கிறது? இரண்டுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். களையெடுப்பவர் ஒருவர், பதில் சொல்பவர் இன்னொருவர் என்றால் கணக்கு உதவாது.

3. சிலரையாவது செய்து காட்டச் சொல்லுங்கள். விதையைக் கடினப்படுத்தத் தெரியும் என்று 3 போட்டவர், ஊறிய விதையைச் சுள்ளென்ற வெயிலில் பரப்பக்கூடும். நிழலில், பழைய ஈரப்பதத்துக்குத் திரும்பும்வரை உலர்த்த வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான பாடம். படிவத்தில் இது அகப்படாது.

4. இனி கணக்கு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கேரி போரிச் 1980-இல் முன்வைத்த முறையின் சாரம் இது: முக்கியத்துவத்திலிருந்து திறமையைக் கழித்து, வருவதை முக்கியத்துவத்தின் சராசரியால் பெருக்க வேண்டும். ஒரு வேலைக்கு முக்கியத்துவச் சராசரி 2.8, திறமைச் சராசரி 1.3 என்றால் 1.5 × 2.8 = 4.2. இன்னொன்றுக்கு 2.9, 2.7 என்றால் 0.58 மட்டுமே. பெரிய எண் பட்டியலில் மேலே போகும்.

5. பலர் தாண்டிப்போகும் படி இது. என் கணிப்பில் இதுதான் உயிர்நாடி. மேலே வந்த ஒவ்வொன்றையும் பார்த்து, இது தெரியாததா, முடியாததா என்று கேளுங்கள். மூடாக்கின் பயன் நன்றாகத் தெரிந்திருந்தும், பயிர்த்தட்டை முழுவதும் மாட்டுக்குத் தீவனமாகிவிட்டால் ஒரு விவசாயி எதைப் பரப்புவார்? அவருக்குத் தேவை தீவனத்துக்கு மாற்று வழி. சரிவுக்குக் குறுக்கே உழாதவர் வாடகை டிராக்டர்காரரின் வசதிக்கு விட்டிருக்கலாம். அப்போது பயிற்சி டிராக்டர் ஓட்டுநருக்குத்தான். ஆனால் சமமட்டக் கோட்டை (சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் கோடு) குறிக்கத் தெரியாமல் வரப்பு போட்டவருக்குப் பயிற்சி நேரடியாக உதவும். முடியாதவற்றைத் தனித்தாளில் எழுதி, கடனுதவியும் கருவிகளும் கவனிப்பவர்களிடம் கொடுங்கள்.

6. மிஞ்சியவற்றைப் பருவத்தோடு பொருத்துங்கள். விதைப்புப் பயிற்சி முதல் மழைக்கு முன்பே முடிய வேண்டும். மண் ஈரமானபின் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். அறுவடை முடிந்ததும் அதே படிவத்தை அதே ஆட்களிடம் மறுபடி நிரப்பி வாங்குங்கள்.