பணக் கணக்கைக் குறிவைக்கும் போலி மின்னஞ்சல்: சோதிப்பது எப்படி, சிக்கினால் என்ன செய்வது?

"உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதிப்படுத்துங்கள்." இணையப் பணச் சேவையான பேபாலின் பெயரிலோ உங்கள் வங்கியின் பெயரிலோ இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பும் பேநவ் வசதி இல்லாத கைப்பேசி சிங்கப்பூரில் இன்று அரிது. ஊருக்குப் பணம் அனுப்புவதும் செயலி வழியாகத்தான். கணினியில் அவ்வளவு பழக்கம் இல்லாத பெற்றோரும் இதையெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலின் தோற்றத்தைப் பார்த்தே அது அசலா போலியா என்று கண்டுபிடித்துவிடலாம் என நம்பாதீர்கள். எழுத்துப்பிழையும் மங்கலான சின்னமும் மோசடியைக் காட்டிக்கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது பிழையே இல்லாமல் எழுதுகிறார்கள், தமிழிலும்கூட. அதனால் கீழே உள்ளவற்றில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இரண்டாம் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: அனுப்பியவரின் முழு முகவரியைப் பாருங்கள்

கைப்பேசியில் அனுப்பியவரின் பெயர் மட்டுமே தெரியும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டால் முழு முகவரி வரும். அதை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். 'டாட் காம்' என்பதற்குச் சற்று முன்னால் இருக்கும் சொல்தான் உண்மையான உரிமையாளர். 'பேபால் டாட் வேறேதோ டாட் காம்' என்றிருந்தால் அது பேபாலுடையது அல்ல, அந்த 'வேறேதோ'வுடையது. ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்துக்குப் பதிலாக 1 என்ற எண்ணைப் போட்டும் ஏமாற்றுவார்கள். சின்னத் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

முகவரி தவறாக இருந்தால் அது போலி, சந்தேகமே வேண்டாம். ஆனால் சரியாக இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது. அடுத்த படி அதற்காகத்தான்.

இரண்டாம் படி: மின்னஞ்சலை மூடிவிட்டு, நீங்களாகவே கணக்குக்குள் போங்கள்

இணைப்பைத் தொடாதீர்கள், இணைத்து அனுப்பிய கோப்பையும் திறக்காதீர்கள். வங்கிச் செயலியையோ பேபால் செயலியையோ நீங்களாகத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அங்கேயும் அறிவிப்பு இருக்கும். தொலைபேசியில் கேட்க விரும்பினால் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழையுங்கள். மின்னஞ்சலில் உள்ள எண் வேண்டாம்.

வங்கிகளைப் பொறுத்தவரை கூடுதலாக ஒரு அடையாளமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதன்பிறகு, தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தொட்டுத் திறக்கும் இணைப்பு இருக்கக்கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2022 ஜனவரியில் அறிவித்தன. ஆகவே 'இங்கே தொட்டு உள்நுழையுங்கள்' என்று ஒரு வங்கி மின்னஞ்சல் சொன்னால் அதை நம்பாதீர்கள். பேபால் போன்ற வெளிநாட்டுச் சேவைகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றின் அசல் மின்னஞ்சலிலும் இணைப்பு இருக்கும்.

அசல் முகவரியிலிருந்தே வரும் வலை

இதைப் பலரும் அறிந்திருப்பதில்லை, அதனால்தான் எனக்குக் கவலை. பேபாலில் யாரும் யாருக்கும் விலைச்சீட்டு, அதாவது பணம் கேட்கும் 'இன்வாய்ஸ்', அனுப்பலாம். மோசடிக்காரர் அந்த வசதியைப் பயன்படுத்தி, நீங்கள் வாங்காத ஒரு பொருளுக்குச் சீட்டு அனுப்புவார். அனுப்புவது பேபால் அமைப்பே என்பதால் முகவரி நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும். குறிப்புப் பகுதியில் 'நீங்கள் வாங்கவில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள்' என்று இருக்கும். பொறி அந்த எண்தான். அழைத்தால் மறுமுனையில் ஒருவர் அக்கறையாகப் பேசி, உங்கள் கைப்பேசியை எட்ட இருந்தே இயக்கும் செயலியைப் போடச் சொல்வார், அல்லது குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபியைக் கேட்பார். சரி, அப்படியொரு சீட்டு வந்தால்? பணம் செலுத்தாதீர்கள், அழைக்காதீர்கள். செயலிக்குள் போய் அந்தச் சீட்டைப் பற்றிப் புகார் கொடுங்கள். நீங்கள் ஒப்புதல் தராமல் விலைச்சீட்டு மட்டும் பணத்தை எடுத்துக்கொள்ளாது.

மூன்றாம் படி: கேளுங்கள், புகார் கொடுங்கள், அழியுங்கள்

சந்தேகம் தீரவில்லை என்றால் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் உதவி எண் 1799ஐ அழைக்கலாம், 24 மணி நேரமும். ஸ்கேம்ஷீல்டு செயலியிலும் இணைப்பைச் சோதிக்கலாம். அப்புறம் மின்னஞ்சலை 'ஃபிஷிங்', அதாவது விவரம் திருடும் போலி, என்று குறித்துவிட்டு நீக்குங்கள்.

விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா?

வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இந்த நேரத்தில் வரிசை முக்கியம். முதலில் வங்கியின் 'கில் சுவிட்ச்' வசதியால் கணக்கை முடக்குங்கள், அல்லது வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது அதற்குப் பிறகு. பேபாலில் கடவுச்சொல்லை மாற்றியதும், தானாகப் பணம் எடுக்கும் அனுமதிகளில் அறிமுகமில்லாதது ஏதும் இருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். மின்னஞ்சல் அவர்கள் கைக்குப் போனால் மற்றக் கணக்குகளையும் அதன் வழியே பிடித்துவிடுவார்கள்.

அட்டை எண்ணையும் ஓடிபியையும் கொடுத்திருந்தால், அந்த ஓடிபி எதற்காக வந்தது என்று குறுஞ்செய்தியை மீண்டும் படியுங்கள். உங்கள் அட்டையை இன்னொருவரின் கைப்பேசிப் பணப்பையில் சேர்ப்பதற்காகவும் அது வந்திருக்கலாம். அப்படியானால் அட்டையையே ரத்து செய்ய வேண்டும். பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். மின்னஞ்சலையும் பரிவர்த்தனை விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள்.

இன்றே செய்யக்கூடியவை இரண்டு. பணப் பரிவர்த்தனை அறிவிப்பு வரும் தொகையை மிகக் குறைவாக மாற்றிவையுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகளில் 2023 இறுதியில் வந்த 'மணி லாக்' வசதியில் சேமிப்பின் பெரும்பகுதியைப் பூட்டுங்கள். அந்தத் தொகையை இணையம் வழியாக யாராலும் வெளியே அனுப்ப முடியாது. பெற்றோருக்கும் இந்த இரண்டையும், வார இறுதியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.