குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது?

பாத்ரூமில் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டால், முதலில் கையால் பொத்துவோம். அப்புறம் பிளம்பருக்குப் போன். அவர் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி வந்து சேர்வதற்குள் ஹால் வரைக்கும் தண்ணீர் வந்துவிடும். சிலர் வாசலுக்கு ஓடி மாநகராட்சி இணைப்பை மூடுவார்கள். அதில் பெரிய பயன் இல்லை. வேலூர்ப் பக்கம் காவிரித் தண்ணீரோ போர்த் தண்ணீரோ, பெரும்பாலும் மொட்டை மாடி டேங்குக்கு ஏறித்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. 1000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் அத்தனையும் உங்கள் தரைக்குத்தான்.

1. முதலில் கரண்ட். சுவிட்ச் போர்டு நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நின்று மெயினை இறக்குங்கள். நனையவில்லை என்றால் கீசரையும் மோட்டாரையும் மட்டும் அணைத்தால் போதும். ஆட்டோமேட்டிக் மோட்டாரை மறந்தால், டேங்க் காலியாகக் காலியாக அது நிரப்பிக்கொண்டே இருக்கும்.

2. வாஷ்பேசினுக்கோ ஃபிளஷ் டேங்குக்கோ போகும் ஹோஸ்தான் வெடித்தது என்றால் மாடி ஏற வேண்டாம். சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை வலப்பக்கமாகத் திருகினால் நின்றுவிடும்.

3. மற்றதற்கெல்லாம் மொட்டை மாடி. டேங்கின் தலைப்பக்கம் நுழைவது மோட்டார் லைன், அதை விடுங்கள். அடியிலிருந்து கிளம்பும் குழாய்கள்தான் வீட்டுக்குப் போகின்றன. சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கலாம். எது எதற்கு என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம், எல்லாவற்றையும் மூடுங்கள். நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வு கால் சுற்றில் மூடும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. வட்டக் கைப்பிடி உள்ள கேட் வால்வை வலப்பக்கமாகப் பல சுற்று சுற்ற வேண்டும்.

4. கேட் வால்வு அசையவில்லையா? உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டில் இது சகஜம். ரெஞ்ச் மாட்டி முறுக்காதீர்கள். தண்டு ஒடிந்தால் இருக்கிற வழியும் போச்சு. இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டேங்க் மூடியைத் திறக்க வேண்டியதுதான். சுத்தமான பழைய துணியைக் குழாய் வாயைவிடப் பெரிய பந்தாகச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, நீளக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனை வெளியே இருக்கட்டும். கை அடிவரை எட்டாது. கழுவிய குச்சியால் பந்தைக் குழாய் வாய்க்குத் தள்ளுங்கள். பக்கத்தில் போனதும் தண்ணீரின் இழுப்பே அதைப் பிடித்து அடைத்துக்கொள்ளும். டேங்குக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

5. வால்வை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும். அது குழாயில் தங்கிய தண்ணீர். வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து, பக்கெட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் அதையும் சாக்கடைக்கு விட மனசு வராது.

6. குழாய் மட்டும் கழன்று வந்திருந்தால், அரை இன்ச் எண்ட் பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றி அந்த ஓட்டையில் திருகிவிடலாம். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், இரண்டு வாங்கி வீட்டில் போட்டுவையுங்கள். உடைந்த துண்டு சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டதா? அது பிளம்பர் வேலை.

7. திரும்பத் திறக்கும்போது ஏதாவது ஒரு குழாயைத் திறந்துவைத்து, வால்வை மெதுவாகத் திறங்கள். காற்று புஸ் புஸ்ஸென்று வெளியேறித் தண்ணீர் சீராக விழ வேண்டும். வெந்நீர்க் குழாயிலும் அப்படியே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கீசரைப் போட வேண்டும்.