பழைய தேக்கு நாற்காலிக்குப் பிரெஞ்சுச் சாயல்

பழைய மரக்கடையில் முதலில் நாற்காலியின் கால்களைப் பாருங்கள். பிரெஞ்சு மன்னர் 16ஆம் லூயி காலத்துப் பாணிக்கு, நேராக இறங்கி அடியில் குறுகும் கால்கள் வேண்டும். மூட்டு ஆடினால் கவலையில்லை. பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் விட்டு, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் வைத்தால் நின்றுவிடும். தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா, வாங்கவே வேண்டாம். உள்ளே பூச்சி இருக்கிறது.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தூள் பறக்காமல், 120ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

தேக்கின் மேல் நேராக வெள்ளை அடித்தால் மஞ்சள் கறை ஏறும். மரத்தின் சாயம் தண்ணீர் பெயின்ட்டில் கரைந்து மேலே வருவதுதான் காரணம். மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் 2 கோட் கொடுத்தால் அது அடங்கும்.

வெள்ளைப் பூச்சுக்கான கலவை இது: 1 கப் வெள்ளை எமல்ஷனுக்கு (தண்ணீர் பெயின்ட்) மூன்றில் ஒரு பங்கு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதே அளவு தண்ணீர். பவுடரைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே பெயின்ட்டில் ஊற்றுங்கள். சீக்கிரம் இறுகும், கொஞ்சமாகக் கலக்குங்கள்.

முதலில் சாம்பல் நிறம். காய்ந்ததும் கைப்பிடி நுனி, முன்கால் விளிம்பு ஆகியவற்றில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, முன்பு சொன்ன வெள்ளைக் கலவையை அடியுங்கள். மறுநாள் 220ஆம் நம்பர் தாளால் லேசாக இழுத்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் உரிந்து சாம்பல் தெரியும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. கை படும் இடம்தானே தேயும்? கடைசியில் தேன்மெழுகு பாலிஷை மெல்லிசாகத் துணியால் பூசித் துடையுங்கள். இருக்கைக்கு வெளுக்காத காடாத் துணியே அழகு.