அரிசி ஆலை ஸ்விட்ச் சொல்லித்தந்தவை: நெட்வொர்க்கைப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை அறுவடை நேரம். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் ஈர நெல்லோடு லாரிகள் வரிசைகட்டி நிற்க, எடைமேடைக் கணினி நின்றுபோனது. கேமராக்களும் இணையமும் சேர்ந்தே முடங்கின. காரணம் ஒரு முழக் கேபிள். மேசையைச் சுத்தம் செய்தவர், தொங்கிக்கொண்டிருந்த மறுமுனையை நல்லெண்ணத்தோடு அதே ஸ்விட்சில் (கணினிகளையும் கேமராக்களையும் கேபிளால் இணைக்கும் பெட்டியில்) செருகிவிட்டார்.

இணையத்தில் போகும் ஐபி பாக்கெட் என்ற தரவுப் பொட்டலத்துக்கு இருப்பதுபோல், ஸ்விட்ச் கடத்தும் ஈத்தர்நெட் பிரேம் என்ற தரவுத் துண்டுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இப்படிக் கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்சில் சேர்ந்து வளையம் உண்டானால், எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் பிரேம்கள் ஓயாமல் சுற்றிச்சுற்றிப் பெருகும். இதைத் தடுக்கத்தான், வளையம் உண்டாக்கும் இணைப்பை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற வசதி ஸ்விட்சில் இருக்கிறது. 1990-லேயே தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஈஈஈ அமைப்பின் தரமாக வந்துவிட்டது. அந்த ஆலையிலோ, வளையம் இருக்கிறதா என்று அது காத்திருந்து பார்ப்பதால் கணினிக்கு இணைப்புக் கிடைக்க 30 நொடி ஆகிறது என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். அணைக்கவே கூடாது. கணினி செருகும் போர்ட்டுகளை (கேபிள் துளைகளை) மட்டும், காத்திருக்காமல் இணைப்புத் தரும் எட்ஜ் போர்ட்டாக மாற்றி, அங்கே ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை அடைத்துவிடும் பிபிடியூ கார்டு (guard) என்ற காவலையும் போடுங்கள். தாமதமும் போகும், பாதுகாப்பும் நிலைக்கும்.

கணக்குக் கணினிக்கு ஒரு ஐபி முகவரி வரிசை, கேமராவுக்கு வேறு வரிசை கொடுத்துவிட்டால் பிரித்தாயிற்று என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. எல்லாம் ஒரே வி-லேனில் (ஒரு ஸ்விட்சுக்குள்ளேயே தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) இருக்கும்வரை பிராட்காஸ்ட் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். கணக்கு 10, கேமரா 20, விருந்தினர் வைஃபை 30 என்று எண் கொடுத்து வி-லேன்களையே தனித்தனியாக அமையுங்கள். அதோடும் நிற்காதீர்கள்: வி-லேன்களுக்கு இடையே தரவைக் கடத்தும் ரூட்டர் தாராளமாக வழிவிட்டால், விருந்தினரின் போன் கணக்குக் கணினியை எட்டிவிடும். வரப்பு போட்டுவிட்டு மடையைத் திறந்து வைத்த கதைதான். யார் யாரை அணுகலாம் என்ற விதிகளையும் எழுத வேண்டும்.

பல வி-லேன்களை ஒரே கேபிளில் கடத்தும் டிரங்க் போர்ட்டில் தேவையான வி-லேன்களை மட்டும் அனுமதியுங்கள். அந்தக் கேபிளில் வி-லேன் எண் ஒட்டாமல் வரும் பிரேம்கள் சேரும் நேட்டிவ் வி-லேனின் எண் இரு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

நெரிசலுக்கு வருவோம். ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) அனுப்பும் 30 கேமராக்கள் சேர்ந்தால் 120 எம்பிபிஎஸ். ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் 100 எம்பிபிஎஸ் அப்லிங்க் அதைத் தாங்காது. உடனே எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்ற முன்னுரிமை விதிகளைப் போடுகிறார்கள். அது முறைப் பாசனம் மாதிரி; யாருக்கு முதலில் என்று சொல்லும். ஆற்றில் தண்ணீரைக் கூட்டாது. கேமரா பதிவுக் கருவியைக் கேமராக்கள் இருக்கும் ஸ்விட்சிலேயே இணைத்துவிட்டால் அந்தப் பாரம் அப்லிங்க்கில் ஏறவே ஏறாது.

செய்த மாற்றங்களை ஸ்விட்சின் நிரந்தர நினைவகத்தில் சேமித்தீர்களா என்று கிளம்புமுன் பாருங்கள். பல ஸ்விட்சுகளில் அது தானாக நடக்காது. ஐப்பசி மழையில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தால் பழைய அமைப்பே திரும்பிவிடும்.