டிவிடெண்ட் யீல்டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி: நுகர்பொருள் பங்குகளும் வீடு கட்டும் நிறுவனப் பங்குகளும்

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் ஓய்வூதியத்தோடு பங்குகளிலிருந்தும் ஆண்டுக்குச் சிறிது வருமானம் வரட்டும் என்று எண்ணுவோர் முதலில் பார்ப்பது டிவிடெண்ட் யீல்டு என்னும் ஒற்றை எண்ணைத்தான். அந்த எண் எப்படி உருவானது என்று பார்க்காமல் எந்தப் பங்கையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓராண்டில் ஒரு பங்குக்கு வந்த ஈவுத்தொகையை (டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பங்கு) அதன் சந்தை விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் யீல்டு கிடைக்கும். நிறுவனங்கள் சில நேரம் ஈவுத்தொகையை முகமதிப்பின் (பங்குக்கு நிறுவனம் குறித்துள்ள அடிப்படை மதிப்பு; சந்தை விலை அல்ல) சதவீதமாகவும் அறிவிப்பதுண்டு. அதை யீல்டாக எண்ணிவிடக் கூடாது. சோப்பு முதலான நுகர்பொருள்களை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் 2024-25 நிதியாண்டுக்குப் பங்குக்கு 53 ரூபாய் வழங்கியது; அதன் முகமதிப்பு 1 ரூபாய் என்பதால் இது 5,300 சதவீதம். ஆனால் பங்கை 2,400 ரூபாய்க்கு வாங்கியவருக்கு யீல்டு ஏறத்தாழ 2.2 சதவீதமே. அந்த 53 ரூபாயில் 10 ரூபாய் சிறப்பு ஈவுத்தொகை. அது ஆண்டுதோறும் வரும் என்று கொள்ள முடியாது என்பதால், அதைக் கழித்துவிட்டு 1.8 சதவீதம் என்றே கணக்கிட வேண்டும்.

அடுத்து, யீல்டு உயர்ந்தது ஈவுத்தொகை கூடியதாலா, பங்கு விலை சரிந்ததாலா என்று பாருங்கள். ஐந்து ஆண்டறிக்கைகளை எடுத்து, நிகர லாபத்தில் எவ்வளவு பங்குதாரர்களுக்குப் போயிற்று என்று வரிசையாக எழுதினால் விடை தெரிந்துவிடும். சோப்பும் பற்பசையும் மாதந்தோறும் விற்பவை. பணம் விரைவில் திரும்புகிறது, புதிய முதலீட்டுத் தேவையும் குறைவு. ஆகவே அந்நிறுவனங்கள் லாபத்தின் பெரும்பகுதியைப் பகிர்ந்தளிக்க முடிகிறது.

வீடு கட்டி விற்கும் நிறுவனத்தின் நிலை வேறு. நிலம் வாங்கவும் அனுமதி பெறவும் கட்டவும் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்குகிறது. விற்பனை வருவாயும் பெரும்பாலும் வீட்டை ஒப்படைக்கும்போதுதான் கணக்கில் ஏறுகிறது. முன்னது தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் என்றால் பின்னது இராதாபுரத்து மானாவாரி. வீடு கட்டி விற்கும் டி.எல்.எஃப். 2024-25-க்குப் பங்குக்கு 6 ரூபாய் வழங்கியது. 800 ரூபாய் விலையில் யீல்டு 0.75 சதவீதம். இதனால் அது தரம் குறைந்த நிறுவனம் என்று ஆகிவிடாது. ஆனால் ஆண்டு வருமானத்துக்காக இத்துறைக்கு வருவது பொருந்தாது. கடன், வீடுகளுக்கான முன்பதிவு, செயல்பாட்டுப் பணவரத்து (தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வரும் பணம்) ஆகியவற்றைப் பார்த்து, விலை வளர்ச்சிக்காக மட்டுமே வாங்க வேண்டும். 1949 முதல் சிமெண்டு ஆலை இயங்கிவரும் தாழையூத்தை அறிந்த நம் மக்கள் சிமெண்டுப் பங்கையும் இதே கணக்கில் சேர்ப்பதுண்டு. சிமெண்டு தனித்துறை, அதைத் தனியாகவே மதிப்பிட வேண்டும்.

ஈவுத்தொகைக்குத் தகுதி பெற, பதிவு நாளுக்கு (யார் பங்குதாரர் என்று நிறுவனம் பார்க்கும் நாள்) ஒரு வணிக நாள் முன்பாவது பங்கை வாங்கியிருக்க வேண்டும். எனினும் பதிவு நாளன்று விலை பெரும்பாலும் ஈவுத்தொகை அளவுக்கு இறங்குவதால், அதற்காகவே அவசரமாக வாங்குவதில் பயனில்லை. ஈவுத்தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்தம் செய்யப்படும். ஆகவே வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிடுவோர் இரண்டையும் வரி போக ஒப்பிட வேண்டும்.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கோடு இணைந்த வங்கிக் கணக்கு நடப்பில் உள்ளதா என்று ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாமல் கிடந்தால், பணத்தோடு பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். திரும்பப் பெற தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.