வாசல் கம்பத்திலிருந்து ஹால் வரை: வீட்டுக்கு பிராட்பேண்ட் போடப் போகிறீர்களா?

நெல்லை டவுனில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஒரு ஆனி மாதம் நெட் இணைப்பு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. "எய்யா, அந்தப் பொட்டியில செவப்பு லைட்டு எரியுதே, தொட்டா ஷாக் அடிக்குமா?"

ஷாக் எல்லாம் அடிக்காது. அந்தப் பெட்டிதான் ரௌட்டர், வெளியிலிருந்து வரும் நெட்டை வைஃபையாக வீட்டுக்குள் பரப்புவது. சிவப்பு விளக்கு என்றால் லைன் வரவில்லை என்று பொருள். நெல்லையப்பர் தேரோட்டத்துக்காக ரதவீதியில் குறுக்கே போன வயர்களைக் கழற்றியிருந்தார்கள். பெரியம்மா வீட்டுக்கு நெட் கொண்டுவரும் ஃபைபர் வயரும் அதில் ஒன்று. தேர் நிலைக்கு வந்ததும் கரண்ட் வந்துவிட்டது. நெட் கேபிளை ஒட்ட ஆள் வருவதற்கு நான்கு நாள் ஆனது. எதிர்வீட்டில் வேறு கம்பெனி இணைப்பு. அங்கே மறுநாள் காலையிலேயே சரிசெய்துவிட்டார்கள். இத்தனைக்கும் நான் தேர்ந்தெடுத்த கம்பெனிதான் விளம்பரத்தில் அதிக வேகம் காட்டியது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் கம்பெனி பெயரிலிருந்து தொடங்குவதில்லை. தெருக் கம்பத்திலிருந்து வீட்டு ஹால் வரைக்குமான தூரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நெட் கெடுவதும் நன்றாக இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான்.

படி 1: முதலில் தெருவில் விசாரியுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் மூன்றில் ஒன்றாவது கிடைக்கும். சென்னையில் ஆக்ட் போன்றவை உண்டு. சின்ன ஊர்களில் கேபிள் டிவிக்காரரே ரெயில்வயர் மாதிரி ஏதாவது ஒன்றின் இணைப்பைக் கொடுப்பார். பிஎஸ்என்எல் ஃபைபர்கூடப் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவர் மூலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் ஒரே கம்பெனி உங்கள் தெருவில் தங்கமாகவும் அடுத்த தெருவில் தலைவலியாகவும் இருக்கலாம். இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்து முடிவு செய்வதில் பிரயோஜனம் இல்லை.

அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டில் கேளுங்கள். கடைசியாக எப்போது லைன் அறுந்தது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள்? ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் படம் பார்க்கிற நேரத்தில் வீடியோ சுற்றுகிறதா? லைன்மேன் நம்பர் கையில் இருக்கிறதா, கூப்பிட்டால் எடுக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு "எடுப்பாரு, நல்ல பையன்" என்று பதில் வந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இணைப்பு கொடுப்பவரிடம் ஒரு கேள்வி: வீட்டுக்குள் வரைக்கும் ஃபைபர் வருமா, இல்லை கம்பத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து சாதாரண லேன் வயரா (கம்ப்யூட்டரில் செருகுகிற செம்பு நெட் வயர்)?

இது ஏன் முக்கியம் என்றால், ஃபைபர் என்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதில் ஒளிதான் போகிறது. ஒரு ஃபைபரை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிற 'ஸ்ப்ளிட்டர்' என்ற சின்னப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம். தெருவில் கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தால் நெட் ஓடும். லேன் வயர் முறையில் கம்பத்துப் பெட்டியில் நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற 'ஸ்விட்ச்' என்ற கருவி இருக்கும், அதற்குக் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போய், அந்தப் பெட்டியின் பேட்டரியும் தீர்ந்தால், உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்விட்ச் இடியில் போவதும் உண்டு. இரண்டும் கிடைத்தால் ஃபைபரையே வாங்குங்கள்.

ஃபைபரே வராத தெரு என்றால் ஏர்ஃபைபர் இருக்கிறது. மாடியில் ஒரு பெட்டி மாட்டி 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் கொடுப்பார்கள். வயர் அறுகிற பிரச்சினை கிடையாது, ஆனால் டவரில் கூட்டம் கூடினால் வேகம் இறங்கும். எனக்கு அது இரண்டாவது தேர்வுதான்.

படி 2: திட்டத்தின் கணக்கு

வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்வார்கள், அதாவது வினாடிக்கு எத்தனை மெகாபிட். அது பிட் கணக்கு, நாம் ஃபைல் அளவைப் பார்ப்பது பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோடு வினாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி காட்டும். "நூறுன்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

4கே படம் ஒன்று ஓட சுமார் 15 எம்பிபிஎஸ் போதும். வீடியோ காலுக்கு மூன்று நான்கு. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு 50 தாராளம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால் 100. பெரியம்மா மாதிரி தனியாக இருந்து சீரியலும் பேரனின் வீடியோ காலும் பார்ப்பவருக்கு இருப்பதிலேயே சின்னத் திட்டம் போதும். அப்லோடு வேகத்தையும், அதாவது நம் பக்கத்திலிருந்து அனுப்புகிற வேகத்தையும், தனியாகக் கேளுங்கள். வீடியோ மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதற்கு அப்லோடுதான் காரணமாக இருக்கும்.

விலையில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 499 என்று போஸ்டரில் இருப்பது பில்லில் 589 ஆகும். 'அன்லிமிடெட்' என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி, ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1000 ஜிபி. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். சாதாரண வீட்டில் 3300 ஜிபியைத் தொடுவதே கஷ்டம், அதனால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் தடவை மாதக் கட்டணத்திலேயே சேருங்கள். தெருவின் லட்சணம் தெரிந்த பிறகு மொத்தமாகக் கட்டலாம். நான் ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டுத்தான் அந்த நான்கு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

படி 3: பெட்டி எங்கே உட்கார வேண்டும்

இதை லைன்மேன் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அவர் டிரில்லோடு வந்து நிற்கும்போது யோசித்தால், வாசல் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் பெட்டி போகும். அவருக்கு அதுதான் சுலபம், வயரும் மிச்சம்.

வைஃபை சிக்னல் ட்யூப் லைட் வெளிச்சம் மாதிரி நாலாபக்கமும் பரவும். வீட்டு மூலையில் வைத்தால் பாதி வெளிச்சம் தெருவுக்குப் போகும். வீட்டுக்கு நடுவில், தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். நம் வீடுகளில் 9 அங்குலச் செங்கல் சுவர் சிக்னலை நன்றாகவே குடித்துவிடும். கான்கிரீட் தளம் அதைவிட மோசம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி இரும்பு பீரோ.

பெரியம்மா வீட்டில் நடந்தது இதுதான். கம்பெனி ஆள் பெட்டியைப் படுக்கையறையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் சமையலறை. பெரியம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்து, பேரனோடு பேசுகிற வழக்கம். பேரனின் வாய் அசையும், குரல் பிறகு வரும். நான் போய் வேகத்தை அளந்து பார்த்தேன். படுக்கையறையில் 90 எம்பிபிஎஸ், அடுப்படியில் 6. இரும்பும் சரி, கண்ணாடிக்குப் பின்னால் பூசிய ரசமும் சரி, சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். பெட்டியை ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த மேல் தட்டுக்கு மாற்றினோம். அடுப்படியில் 60 வந்தது. திட்டம் அதே திட்டம்தான். செலவு, ஃபைபரை நீட்டிய இருநூறு ரூபாய்.

ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, டிவிக்குப் பின்புறம், மூடிய ஷோகேஸ், இவை எதுவும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதிலிருந்தும் தள்ளி வையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேலே துணி போடாதீர்கள். ஆன்டெனா இருந்தால் செங்குத்தாக நிற்கட்டும்.

மாடியும் கீழும் உள்ள வீடு என்றால் ஒரு பெட்டி போதாது. லேன் வயர் இழுத்து மாடியில் இரண்டாவது ரௌட்டர் வைப்பதுதான் நல்ல வழி. அதை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் (கீழ்ப் பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டுவது) வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே இரண்டு தனி நெட்வொர்க் ஆகி, கீழே இருக்கும் பிரிண்டர் மாடிக்குத் தெரியாது.

படி 4: இணைக்கிற நாள்

கறுப்பு வயரின் நுனியில் பச்சை நிற பிளாஸ்டிக் முனை இருக்கும். அதன் நடுவில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருப்பதைக் கையால் தொடாதீர்கள், தூசி பட்டாலே ஒளி குறையும். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது, வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. வயரைச் சுவர் மூலையில் சட்டென்று மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். தோசை மடிப்பு கூடாது, பெரிய வளைவாகத்தான் திரும்ப வேண்டும்.

பெட்டியில் பவர் விளக்கு எரியும். 'பான்' (PON) விளக்கு முதலில் மின்னி, பிறகு நிலையாகப் பச்சையில் நிற்க வேண்டும். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். முனையை ஒரு தடவை நன்றாக அழுத்திப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் வெளியே வயர் போயிருக்கிறது. ரௌட்டரைப் பத்துத் தடவை அணைத்துப் போட்டாலும் பலனில்லை, லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

அவர் கிளம்புவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, கையில் இருக்கும் மீட்டரில் ஒளி அளவு என்ன என்று கேளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கிற அலகு) வரை என்றால் நல்லது. மைனஸ் 28, 29 என்று மைனஸ் 27-ஐத் தாண்டினால் இன்று ஓடும், மழை வந்தால் படுக்கும். முனையை மறுபடி வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு, லேப்டாப்பை லேன் வயரில் செருகி வேகம் பாருங்கள். வயரில் முழு வேகமும் வந்தால் கம்பெனி வேலை முடிந்தது, இனிமேல் குறைந்தால் பெரும்பாலும் உங்கள் வைஃபைதான் காரணம். 100-க்கு மேற்பட்ட திட்டத்தில் 94-ஐத் தாண்டவே இல்லை என்றால் லேன் போர்ட்டோ (வயரைச் செருகுகிற இடம்) வயரோ பழைய 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் கேட்டு வாங்குங்கள்.

படி 5: ரௌட்டருக்குள் போய் மாற்ற வேண்டியவை

பெட்டியின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். சுவரில் மாட்டுவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்காது.

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அந்த வைஃபையில் சேருங்கள். பிரவுசரின் முகவரி இடத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். ஜியோ பெட்டி என்றால் 192.168.29.1. பாதுகாப்பில்லை என்று பிரவுசர் எச்சரிக்கலாம். நீங்கள் பேசுவது உங்கள் வீட்டுப் பெட்டியோடுதான், தைரியமாக மேலே போங்கள். பெயரும் பாஸ்வேர்டும் ஸ்டிக்கரில் இருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, பெட்டியையே திறக்கிற சாவி. அடுத்தது வைஃபை பெயர். கதவு எண்ணையும் உங்கள் பெயரையும் அதில் போடாதீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் (WPS) என்று, பாஸ்வேர்டு அடிக்காமலே சேர்வதற்கான வசதி ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டில் போன் நம்பர் வேண்டாம், தெருவுக்கே தெரியும். சம்பந்தமில்லாத நான்கு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடித்து நடுவில் ஒரு எண் போடுங்கள். முருங்கை, தாம்பாளம், வெள்ளாடு, ஜன்னல் என்கிற மாதிரி. விருந்தாளிக்குச் சொல்லவும் சுலபம், யூகிக்கவும் முடியாது.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஸ்மார்ட் பல்பு, மலிவான சிசிடிவி கேமரா எல்லாம் பெரும்பாலும் 2.4-ல் மட்டும்தான் சேரும். அவை சேர மறுத்தால் பெயரைப் பிரித்து வையுங்கள். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் 2.4-ன் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை) 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைக்கலாம். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாது.

கேபிள்காரர் இணைப்பில் நீங்களே ரௌட்டர் வாங்கினால் பிபிபிஓஈ (PPPoE) என்று, இணைப்புக்குள் லாகின் செய்வதற்கான ஒரு பகுதி வரும். அவர் கொடுக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டை அங்கே போட வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ரீசெட் ஆன அன்று அவர் போனை எடுக்க மாட்டார், அது அவருடைய ராசி.

படி 6: கரண்ட் போனால்

12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. இடி இடிக்கும்போது அடாப்டரைக் கழற்றி வைப்பது நல்லது.

படி 7: புகாரும் பிரிவும்

லைன்மேனிடம் போனில் சொன்னது புகார் ஆகாது. கம்பெனியின் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீர்வு வரவில்லை என்றால், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டுக்கு ஒரு அமைப்பு உண்டு; 30 நாளுக்குள் அங்கே போகலாம். புகார் எண் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

இணைப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தால், பெட்டியின் ரீசெட் ஓட்டையில் ஊக்கு நுனியைப் பத்து வினாடி அழுத்தி உங்கள் பாஸ்வேர்டுகளை அழித்துவிடுங்கள். பெட்டி, அடாப்டர் இரண்டையும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி, அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் வரவில்லை என்று டெபாசிட்டில் பிடித்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.